மூன்றாம் குட்டையின் மூலை

பாங் குய்ஜென் காட்டுக்காவல் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் வாய்க்குப் பயந்தே ஷிதோவ் கிராமத்துப் பெண்கள் சந்தையில் விற்கச் சேற்றுப்புழு தோண்டுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். மீதிப் பாதியை அவள் தலை மறைந்ததும் தோண்டினார்கள். அலையாத்திக் காட்டுக்குள் மண்வெட்டி இறங்கக் கூடாது என்பது சட்டம். வேர் அறுந்தால் மரம் சாகும்; சேற்றைக் கிளறினால் அதற்குள் அடங்கிக் கிடக்கிற கார்பன் கிளம்பிக் காற்றோடு போகும்; போனால் அதைக் காப்பதற்காகக் கிராமத்துக்கு வருகிற பணமும் கூடவே போகும். இதையெல்லாம் மஞ்சள் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி நட்டிருந்தார்கள். பலகையை யார் படித்தார்கள்? குய்ஜென் போடுகிற சத்தம்தான் ஊருக்குப் பலகை.

"ஏண்டி ஆ சாய், உன் வீட்டு அடுப்படியத் தோண்டிப் பாக்குறதுதானே? இங்கதான் வரணுமா?"

"அடுப்படியில புழு கெடச்சா உன் மூஞ்சில முழிக்க நான் ஏன் வரேன்?" என்று ஆ சாய் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் குரலைத் தணித்துக்கொண்டாள். "மூணாங் குட்டைப் பக்கம் நான் போகல. அங்க போக மாட்டேன். எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் அவள் புருஷனும் ஒருவன். ஷிதோவில் அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. மூன்றாம் குட்டையின் மூலையில் குய்ஜெனின் புருஷன் சூ வான்லி இருந்தான்.

பிணத்தைப் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் வந்து வெகு காலம் ஆகிவிட்டது. வான்லியோ நெருப்பைக் கண்டால் நடுங்குகிறவன். இளவயதில் அவனும் அவன் அண்ணனும் போன படகில் டீசல் பற்றிக்கொண்டது. அண்ணனை இழுத்துக் கரை சேர்த்தது வான்லிதான். இழுத்தபோது அண்ணனின் கைத்தோல் உறைபோலக் கழன்று இவன் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் சிகரெட்டுக்குக்கூட இன்னொருவனைத்தான் பற்றவைத்துத் தரச் சொல்வான். கல்லீரல் கெட்டு வயிறு ஊதிக் கட்டிலில் கிடந்தபோது அவன் குய்ஜெனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னைய மட்டும் நெருப்புல போட்டுடாத."

"போட மாட்டேன். படுங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

இடத்தைச் சொன்னதும் அவனேதான். அப்போது இறால் குட்டைகள் எல்லாம் நோய் விழுந்து செத்துக் கிடந்தன. குட்டைகளின் கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டு, பழையபடி காடாக்கப் போகிறோம், காட்டுக்குக் காசு வரும் என்று நகரத்திலிருந்து ஆட்கள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வான்லியும் போட்டிருந்தான். "நம்ம குட்டை மூலையில வச்சுடு. மேட்டுக்கரை அது. நாளைக்குக் காடு வந்துட்டா ஒருத்தன் மண்வெட்டி எடுத்துட்டு வர முடியாது. அரசாங்கமே நமக்குக் காவல் நிக்கும்" என்று சொல்லி, வலியிலும் சிரித்தான். தன் மூளையைப் பற்றி அவனுக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு. அவளுக்கும் அந்தப் பெருமை இருந்தது. பொக்லைன் வந்து கரைகளைச் சரித்தபோது, "அந்த மூலையில மண்ணு சாமி இருக்குப்பா, விட்டுடு" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். அவனும் கும்பிட்டுவிட்டு விட்டுவிட்டான். பிறகு கடல் உள்ளே வந்தது. அந்த மூலையிலும் ஏறியது, இறங்கியது, ஏறியது. கண்டல் என்கிற அலையாத்தி மரக் கன்றுகளை அவளே தன் கையால் அங்கே நட்டாள். இவ்வளவு பத்திரமான இடம் இந்தக் கரையோரத்திலேயே வேறு எவனுக்கும் கிடைத்திருக்காது என்று நம்பினாள்.

புதைத்ததோடு வேலை முடிந்துவிடாது. அந்தப் பக்கத்தில் முதல் குழி வெறும் தங்கல்தான். சில வருஷம் கழித்து, மண் சதையைத் தின்று முடித்ததும், எலும்பை எடுத்துத் துடைத்துச் சாடியில் உட்காரவைத்து, குன்றின் மேல் தாய் தகப்பன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்போதுதான் செத்தவன் முன்னோன் ஆவான். அதுவரை அவன் வழிப்போக்கன். வழிப்போக்கனாகப் புருஷனை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிற பெண்டாட்டியை ஷிதோவ் மதிக்காது. குய்ஜென் தன்னையே மதிக்க மாட்டாள். மகன் ஹாய்மிங் டோங்குவான் நகரத்தில் மின்விசிறித் தொழிற்சாலையில் இருந்தான். மருமகளுக்கு ஒரு குழந்தை வயிற்றிலேயே கலைந்திருந்தது; இப்போது அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். வா, வா என்று மகன் ஒவ்வொரு வாரமும் போனில் கூப்பிட்டான். "இந்தக் குளிர்காலத்துல உங்கப்பாவ எடுத்துச் சாடியில வச்சுட்டு வந்துடுறேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். சாடியும் வாங்கியாகிவிட்டது. சிவப்புத் துணி சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தின் கடைசியில்தான் சேற்றில் உள்ள கார்பனை அளக்க நகரத்திலிருந்து நிங் என்ற பெண் வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முகமெல்லாம் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு, ஓயாத பேச்சு. நல்ல பெண். எடுத்த எடுப்பிலேயே 'அக்கா' என்று கூப்பிட்டாள். குய்ஜென் அவளுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு போனாள். நிங் இரும்புக் குழாயைச் சேற்றில் அடித்து இறக்கித் திருகினாள்; இருவருமாகத் தொங்கி வெளியே இழுத்தார்கள். குழாயைத் திறந்தால் உள்ளே நீளமான கரிய களி, அழுகிய முட்டை நாற்றத்தோடு கிடந்தது. அதன் அடிப்பக்கத்திலிருந்து நிங் இடுக்கியால் எதையோ பிரித்து எடுத்தாள்.

"அக்கா, இங்க பாருங்க!"

ஓர் இலை. பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். நரம்பு, காம்பு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் அப்படியே இருந்தது.

"இந்தக் குட்டைய வெட்டுறதுக்கு முன்னாடி இங்க இருந்த காட்டோட இலை இது. உங்க கொள்ளுத்தாத்தா பாத்த இலைன்னு வச்சுக்கோங்களேன்."

"எப்படி மக்காம இருக்கு?"

"காத்து போகலையே அக்கா. மேல உப்புத்தண்ணி ஏறி ஏறி இறங்குது, கீழ சேறு மூடிக்குது. காத்து இல்லாத இடத்துல எதுவும் மக்காது. உங்க ஊருக்குக் காசு வர்றது இதுக்குத்தான். மேல நிக்கிற மரம் கொஞ்சம். கீழ பத்திரமா கிடக்குது பாருங்க, அதுதான் சொத்து. ஆயிரம் வருஷம் ஆனாலும் சேறு அத விடாது."

குய்ஜென் குழாயைப் பிடித்தபடி நின்றாள். "இலை சரி பொண்ணு. மத்ததெல்லாம்?"

"எது?"

"செத்தது. கோழி, பன்னி... அந்த மாதிரி."

நிங் சிரித்தாள். "அதுவும்தான். போன வருஷம் ஒரு கழிமுகத்துல தோண்டினப்ப நாய் ஒண்ணு வந்துச்சு. ரோமத்தோட! அந்த ஊருக்காரங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போனதுன்னாங்க. பாவம், தூங்குற மாதிரி இருந்துச்சு. அக்கா? என்ன அக்கா, மயக்கமா?"

"வெயிலு" என்றாள் குய்ஜென். வெயிலே இல்லை. அவள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே எலும்பு எடுக்கிற மோவின் வீட்டுக்குப் போனாள். அறுபதைத் தாண்டியவன், ஒல்லி, எவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் கூப்பிடப்படாதவன். கூப்பிட மாட்டார்கள் என்பதால் எல்லோரையும் பற்றி அவனுக்கு ஒரு கேலி. கஞ்சியில் உப்பிட்ட வாத்து முட்டையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"தண்ணிக்குள்ளயா வச்ச?" என்றான். கரண்டி நின்றுவிட்டது.

"வச்சப்ப மேடு, அண்ணே. அப்புறம் தண்ணி வந்துச்சு."

"உன் புருஷன் பெரிய புத்திசாலின்னு ஊரே சொல்லும். செத்தும் புத்திசாலித்தனம்." அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டான். "சும்மா சொன்னேன் தங்கச்சி. திறந்து பாத்தாத்தான் தெரியும். சில மண்ணு தண்ணி நின்னாலும் தின்னுடும். மகனை வரச் சொல்லு. குடை அவன்தான் பிடிக்கணும்."

ஹாய்மிங் இரண்டு நாள் விடுப்பில் வந்தான். கடல் முழுக்க வற்றியிருந்த ஒரு விடியலில் மூவரும் மூன்றாம் குட்டைக்குப் போனார்கள். பனி கட்டி நின்றது. இத்தனை நாளும் எத்தனையோ பேரின் மண்வெட்டியைப் பிடுங்கிப் போட்டவள், இன்று தானே மண்வெட்டியோடு தன் காட்டுக்குள் போனாள். மூலையில் அவள் நட்ட கண்டல்கள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. மூன்றைக் கை ரம்பத்தால் அறுத்தாள். மரம் அறுபடுகிற சத்தம் ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மோ தோண்டினான். பெட்டியின் மூடிக்குக் குறுக்கே வேர்கள் ஓடியிருந்தன, ஒவ்வொன்றாக வெட்டினான். பலகை தெரிந்தது, ஊறிக் கறுத்து, ஆனால் முழுசாக. மோ குனிந்து மூக்கை அதன் அருகில் கொண்டுபோனான். அப்படியே நிமிர்ந்தான்.

"தங்கச்சி, மூடிடலாம்."

"ஏன்?"

"எலும்பு வாசம் எனக்குத் தெரியும். இது வேற."

"திறங்க அண்ணே."

"சொன்னாக் கேளு."

"ஆறு வருஷம் காத்திருக்கேன். திறங்க."

மோ மகனுக்குக் கண் காட்டினான். பெட்டியில் இருப்பவனை ஆகாயம் பார்க்கக் கூடாது. ஹாய்மிங் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். குரல் பிசிறியது. "அப்பா, எந்திரிங்க. வீடு மாறப் போறோம்."

மூடி பெயர்ந்தது.

வான்லி இருந்தான். எலும்பாக அல்ல, வான்லியாகவே இருந்தான். முகம் மெழுகு நிறத்தில் கொஞ்சம் உப்பியிருந்தது. மேலுதட்டின் மேல் அந்த நாலு மயிர் மீசை. அவள் பொத்தான் போட்டுவிட்ட நீலச் சட்டை. சாகும்போது இருந்த மாதிரியே வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ கேட்க வந்தவன் போல. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், குய்ஜெனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆறு வருஷமாக மறந்து மறந்து போய்க்கொண்டிருந்த முகம் அது. 'அட, இப்படித்தான் இருப்பீங்க' என்று மனசு துள்ளியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

குடை விழுந்தது. ஹாய்மிங் திரும்பிக் குனிந்து வாந்தி எடுத்தான்.

"குடை! குடையப் புடிடா!" என்று கத்திய மோ, தன் சட்டையையே கழற்றிப் பெட்டியின் மேல் விரித்தான். "பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க. யாரும் அழாதீங்க. மூடிடலாம்."

"மூடிட்டு?" என்றாள் குய்ஜென்.

"இன்னும் சில வருஷம் கழிச்சுப் பாக்குறதுதான் வழக்கம்."

"சில வருஷம் கழிச்சுப் போயிருப்பாரா?"

மோ சேற்றைப் பார்த்தான். பிறகு, பொய் சொல்ல மனம் வராதவனாக, "இந்த இடத்துல போக மாட்டான்" என்றான். "கத்திய வச்சுச் சதைய எடுக்குற ஆளுங்க உண்டு. எங்கப்பா செஞ்சிருக்காரு. நான் செய்ய மாட்டேன். எவ்வளவு குடுத்தாலும் மாட்டேன்."

"அம்மா, எரிச்சிடலாம்" என்றான் ஹாய்மிங். வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இன்னைக்கே சொல்லிடலாம். வந்து எடுத்துட்டுப் போவாங்க. திட்டுவாங்க, அவ்வளவுதான். சாம்பலச் சாடியில வச்சுடலாம். முடிஞ்சிடும்."

"எரிக்கிறதா?"

"எல்லாரும் அதத்தானேம்மா செய்றாங்க! அப்பாவுக்கு இப்ப என்ன தெரியப் போகுது?"

"மூஞ்சியப் பாத்தியா?" என்றாள் அவள். "மூஞ்சி இருக்குடா. மூஞ்சி இருக்குற வரைக்கும் தெரியும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? இப்படியே ஊறப் போட்டு வைக்கிறதா? என் வீட்டுல ஒருத்தி ராத்திரி பகலாப் பயந்துட்டுக் கிடக்குறாம்மா. போன தடவ கலைஞ்சதுக்கே அவங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? மாமனார் இன்னும் வழியில நிக்கிறாரு, அதான் புள்ள தங்கலன்னாங்க. நான் நம்பல. சிரிச்சேன். இப்ப..." அவன் பெட்டியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இப்ப நான் எதப் போய் அவகிட்ட சொல்றது?"

மகன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் சத்தியம் செய்துகொடுத்தது அவள். குட்டையின் வாயில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியிருந்தது.

"ஏறுதண்ணி வருது" என்றான் மோ.

"மூடுங்க அண்ணே" என்றாள் குய்ஜென்.

மூடினார்கள். அறுத்த மூன்று மரங்களின் அடிக்கட்டைகளும் வெள்ளையாகப் பளிச்சென்று நின்றன. அவள் அவற்றின் மேல் சேற்றை அள்ளிப் பூசினாள்.

மறுநாள் ஹாய்மிங் டோங்குவானுக்குப் புறப்பட்டான். இரவெல்லாம் அவன் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து அறையில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டான். "வர்றியாம்மா?"

"எப்படிடா வர்றது? இப்படி விட்டுட்டு?"

"அப்ப எப்பவுமே வர மாட்ட."

"அப்படி இல்ல."

"அப்படித்தாம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற வயதில் இருந்தால் அழுதிருப்பான். பஸ்ஸின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

குளிர்கால விழா முடிந்த வாரம், காலைக் கஞ்சிக்குப் பிறகு, ஆ சாய் ஓடி வந்தாள். "குய்ஜென்! மூணாங் குட்டைக்குப் பொக்லைன் போகுது!"

குய்ஜென் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அலுவலகத்து ஆட்களும் கரையில் நின்றிருந்தார்கள். பிணங்களைக் கவனிக்கிறவர்கள் ஒரு பக்கம், காட்டைக் கவனிக்கிறவர்கள் ஒரு பக்கம். யாரும் மிரட்டவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் மரியாதையாகவே பேசினார்.

"அம்மா, புகார் வந்திருக்கு. நீங்களே காவல்காரங்க, உங்களுக்குச் சட்டம் தெரியும். ஒத்துழைச்சா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"யாரு புகார் பண்ணது?"

"அதச் சொல்லக் கூடாதும்மா." அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார். "மூலையில, மூணு மரம் அறுத்த இடம்... அதோ, அங்கதானே?"

ஊருக்கே தெரிந்தது வான்லி அந்த மூலையில் இருக்கிறான் என்பது மட்டும்தான். மரம் அறுத்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள் சொல்லவில்லை. மோ சொன்னால் அவனுக்குத்தான் முதலில் விலங்கு. அவள் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீதானா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹாய்மிங், நீதானா?"

"அம்மா, அவளுக்கு மறுபடி ரத்தம் பட்டுச்சும்மா. ஆஸ்பத்திரியில கிடந்தா. கண்ண மூடினா அப்பா மூஞ்சிதான் தெரியுது. எனக்கு வேற வழி தெரியலம்மா. உன்னைய எப்படியாவது..."

"குழந்தை?"

"இருக்கு. இருக்குன்னு சொன்னாங்க."

"சரி" என்று வைத்துவிட்டாள். திட்டத்தான் போன் போட்டாள். வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? அவன் குழந்தையைக் காப்பாற்றப் பார்க்கிறான். அவள் கிழவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். இரண்டில் எது பெரிது என்று ஊரைக் கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

பொக்லைனின் இரும்புப் பல் மூலையை ஒரே கடியில் எடுத்தது. மோ வேர்களை ஒவ்வொன்றாக வெட்டிய இடத்தில், மரங்கள் சேற்றோடும் வேரோடும் பெயர்ந்து கரையில் விழுந்தன. கரையில் சேர்ந்திருந்த ஊர்க்காரர்கள் பேசினார்கள். "நம்ம காசுக்குக் கேடு வருமா?" என்று ஒருவன் கேட்டான். "மண்வெட்டி எடுத்தா நம்மளப் பேயாட்டம் விரட்டுனாளே, இப்பப் பாரு" என்று ஒருத்தி சொன்னாள். ஆ சாய் அவளைப் பார்த்து, "வாய மூடுடி, உன் மாமியா எந்தத் தோப்புல கிடக்கான்னு நான் சொல்லட்டுமா?" என்றாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். குடும்பத்தில் ஒருவர் வரலாம் என்றார் கண்ணாடிக்காரர். குய்ஜென் பின்னால் ஏறிப் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் இல்லாத வண்டி. சாலை குலுக்கியபோதெல்லாம் பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் சிந்தி அவள் காலை நனைத்தது. வான்லிக்குக் காது கேட்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முகம் இருக்கிறதே. எங்கே போகிறோம் என்று கேட்பான். அவன் பயப்படுவான். பயந்தால் எப்படிப் பயப்படுவான் என்று அவளுக்குத் தெரியும். முழங்காலை மடக்கிக்கொண்டு, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொள்வான். அவள் பலகையின் மேல் கையை வைத்துக் குனிந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். "ஒண்ணும் இல்ல. வயித்தப் பாத்துட்டு அனுப்பிடுவாங்க. நான் கூடத்தான் இருக்கேன். பயப்படாதீங்க."

வழி முழுவதும் அதையே சொன்னாள். பெரிய கதவு போட்ட கட்டடத்தின் முன்னால் வண்டி நின்றபோதும், "ஆஸ்பத்திரி வந்துடுச்சு" என்றாள்.

உள்ளே அவளை விடவில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன, ஒன்றில் உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் எதுவோ பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது, பிறகு சீரான இரைச்சல். ஈரம் அதிகம், நேரம் எடுக்கும் என்று ஒரு பணியாள் இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டு போனான். குய்ஜென் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். கடல் ஆறு வருஷம் ஒரு மயிர் கலையாமல் பார்த்துக்கொண்டவனை, அவன் காலமெல்லாம் பயந்த ஒன்றிடம், அவளே பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறாள். மதியம் திரும்புவதற்குள் அவன் புகையாகப் போனான்; அவள் கையில் ஒரு சாம்பல் பெட்டியைக் கொடுத்தார்கள். இன்னும் சூடாக இருந்தது.

சாடிக்குச் சாம்பல் போய்ச் சேர்ந்தது. குன்றின் மேல் வான்லி தாய் தகப்பன் பக்கத்தில் அமர்ந்தான். ஹாய்மிங் வந்து பட்டாசு வெடித்தான், மண்டியிட்டான், அழுதான். ஊர்க்காரர்கள் கோழியும் மதுவும் எடுத்து வந்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்ததாகச் சொன்னார்கள். "இப்ப நிம்மதியா மகன் வீட்டுக்குப் போ" என்று அவளுக்குச் சொல்லாத ஆள் இல்லை. மோ மட்டும் வரவில்லை.

இறங்கி வரும்போது ஹாய்மிங் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிடும்மா."

"உன் மேல கோபம் இல்ல" என்றாள். பொய். கோபம் இருந்தது. அது எப்போது போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. போகவே போகாதோ என்றும் பயமாக இருந்தது.

"என்கூட வா."

"காட்டு வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன்."

காவல் வேலை போய்விட்டது. போகாமல் இருக்குமா? பொக்லைன் கிளறிய மூலையில் மறுபடி கன்று நட்டுக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. வசந்தம் தொடங்கியதும் நிங் ஒரு கூடைக் கன்றுகளோடு வந்தாள். கரையில் நின்று குய்ஜெனின் முகத்தைப் பார்க்கத் தயங்கினாள்.

"அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அந்த நாய்க் கதைய..."

"நீ உள்ளதத்தானே சொன்ன."

"கிளறின சேறு. பிடிக்குமான்னு தெரியல. இந்த மூலையக் காசு வர்ற கணக்குலேர்ந்தே எடுத்துட்டாங்க. உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சுன்னு எழுதியாச்சு."

"சரி" என்றாள் குய்ஜென். கூடையை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினாள். நிங் பின்னால் வரவில்லை.

குழி பாதி தூர்ந்து கிடந்தது. புதுச் சேறு இன்னும் கெட்டிப்படவில்லை, தொடைவரை உள்வாங்கியது. ஒரு கையால் துளை போட்டாள், கன்றை இறக்கினாள், இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிக் கன்றை மூடியபோது அந்த வண்டியில் தான் சொன்ன பொய் அவள் வாய்வரை வந்தது. நாள் கணக்காக விழுங்கி விழுங்கி வைத்திருந்தாள். இங்கே சொன்னால்தான் உண்டு, வேறு எங்கே சொல்வது?

"உங்கள ஏமாத்திட்டேங்க" என்றாள் சேற்றைப் பார்த்து. "ஆஸ்பத்திரி இல்ல அது."

சொல்லி முடித்துவிட்டு அவன் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். அப்புறம்தான் உறைத்தது. அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.